ஜுனைதீன் திருத்திய வரி

மாத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரிஸ்வியின் தேத்தண்ணிக் கடை. அதன் பக்கவாட்டில் ஓர் இரும்புப் படி. ஏறிப் போனால் தலை இடிக்கிற உயரத்தில் ஓர் அறை. வாசலில் மூன்று மொழியிலும் எழுதிய பலகை: அழிந்த படம், அழிந்த கோப்பு மீட்டுக் கொடுக்கப்படும். அந்த அறையில் ஜுனைதீன் உட்கார்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது.

வயது நாற்பத்தெட்டு. கொங்காவளையில் பிறந்து, ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குச் சலாம் போட்டவர். முதலில் ரேடியோ கழற்றினார். பிறகு வீடியோ டெக், பிறகு கம்ப்யூட்டர், பிறகு கைபேசி. கழற்றியதைத் திரும்பப் பூட்டவும் தெரிந்திருந்தது. ஊரில் கழற்றத் தெரிந்த மற்றவர்களுக்கு அது தெரியாது. இங்கிலீசு அவருக்கு வந்தது புத்தகத்திலிருந்து அல்ல, கம்ப்யூட்டர் காட்டுகிற பிழைச் செய்திகளிலிருந்து. அதனால் பேசச் சொன்னால் திணறுவார். ஒரு நிரலைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால், ஹதீஸ் வாசிக்கிற லெப்பை மாதிரி ஒரு எழுத்து விடாமல் வாசிப்பார்.

அழிந்த கோப்புகளைத் தேடித் தேடித்தான் அவர் கேர்னல் வரைக்கும் இறங்கினார். கேர்னல் என்பது கம்ப்யூட்டருக்கும் கைபேசிக்கும் அடிமடியில் கிடக்கிற மென்பொருள். நாம் படம் எடுத்தால் அதை மெமரி கார்டில் எந்த இடத்தில் வைப்பது, கேட்டால் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது என்றெல்லாம் பார்ப்பது அதுதான். யாருக்கும் சொந்தமில்லாதது. உலகத்தில் எந்த மூலையில் இருப்பவனும் அதில் பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். பெரியவர்கள் நாலு பேர் பார்த்துச் சரி என்றால், திருத்தியவன் பேரோடு உள்ளே சேர்ப்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஜுனைதீன் அப்படி ஒரு திருத்தம் அனுப்பினார். பழைய கைபேசிகளில் பாவிக்கிற ஒரு கோப்பு முறையில், அதாவது கோப்புகளைக் கார்டில் அடுக்குகிற முறையில், எல்லை பார்க்கிற வரி ஒன்று பிழையாக இருந்தது. கார்டில் எழுதுவதற்கு முன், எழுதப் போகிற இடம் அதற்கென்று ஒதுக்கிய எல்லைக்குள் இருக்கிறதா என்று அந்த வரி பார்க்க வேண்டும். அது இரண்டு எண்களைக் கூட்டிப் பார்த்தது. எண் பென்னம் பெரிதாக வந்தால், லொறியின் மைல் மீட்டர் கடைசி வரை ஓடித் திரும்பச் சைபருக்கு வருவது போல, கூட்டுத்தொகை சுருண்டு சின்னதாகிவிடும். காவல்காரன் ஏமாந்து வழி விடுவான். ஜுனைதீன் கூட்டலைத் தூக்கிவிட்டு, எண்ணை நேராக எல்லையோடு ஒப்பிடுகிற மாதிரி அந்த வரியை மாற்றி எழுதினார். பென்னம் பெரிய எண்களாக நூறு கொடுத்துச் சோதித்தார். நூறையும் தடுத்தது. இரண்டு பேர் பார்த்தார்கள். ஐந்தாறு வாரத்தில் உள்ளே சேர்த்துவிட்டார்கள். அவர் பேரும் சேர்ந்தது.

அன்று ரிஸ்வி கடையில் இருந்த எல்லோருக்கும் ஜுனைதீன் செலவில் வட்டிலாப்பம். அதற்குப் பிறகு ரிஸ்விக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"மேல நாசாவுக்கு ஒரு பிளேன்டீ!" என்று கத்துவான். "சீனி கொறச்சு போடுங்கடா, விஞ்ஞானிக்கு மூளை இனிச்சிரும்!"

"ஒன்ட போன்லயும் எண்ட வரி ஓடுது, தெரிஞ்சிக்க" என்பார் ஜுனைதீன் மேலிருந்து.

"அதான் நானா ரெண்டு நாளா போன் சூடாகுது!" ஊரே அவரை அண்ணன் என்கிற பொருளில் நானா என்றுதான் கூப்பிடும்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த மனுசனுக்கு அது பெரிய சந்தோசம். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவர் பேர் நிற்பதற்கு அந்த ஒரு வரிதான் இருந்தது.

கமலாட்சி வந்தது தை மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். படியேறி வந்து வாசலில் நின்றவள் உள்ளே வரவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, பொலித்தீனில் சுற்றிய கைபேசிக் கார்ட் ஒன்றை வெளியே எடுத்தாள். சின்ன விரல் நகம் அளவு.

"நானா, இதுல எம்மக இருக்கா. எடுத்துக் குடுக்க ஏலுமா?"

கார்த்திகை மழையில் அவர்களுடைய லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த மலை சரிந்து இறங்கியது. மகள் சர்மிளாவுக்குப் பதினாலு வயது. மூன்றாம் நாள்தான் மண்ணிலிருந்து எடுத்தார்கள். எடுத்தபோது முகம் பார்க்கிற நிலையில் இல்லை. கையில் போன் இருந்தது. போன் நொறுங்கிவிட்டது, கார்ட் மட்டும் முழுசாக இருந்தது. வீட்டில் இருந்த மற்ற எல்லாம் மண்ணுக்குள்.

"வேற படம் ஒண்டும் இல்லையா தங்கச்சி? ஸ்கூல்ல?"

"ஒண்ணு இருக்குங்க. கூட்டமா எடுத்தது. முன்னுக்கு நின்ன புள்ளயோட றிப்பன் இவ மூஞ்சிய மறைச்சிருச்சு. கூடப் படிச்சவங்க எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். இவதான் எல்லாரையும் எடுப்பா, இவள யாரும் எடுக்கல. ஆனா கண்ணாடியப் பாத்து அவளே அவள எடுத்துக்கிட்டது இதுல இருக்கு. எனக்குக் காட்டியிருக்கா." கமலாட்சி கார்டை நீட்டினாள். "இப்பல்லாம் யோசிச்சா மூஞ்சி சரியா வர மாட்டேங்குது நானா. மூக்கு வருது, வாயி வருது, ஒண்ணாச் சேர மாட்டேங்குது."

ஜுனைதீன் கார்டை வாங்கி, துடைத்து, விளக்கில் பார்த்தார். செம்புத் தகடு கறுக்கவில்லை. உயிர் இருந்தது. மனசுக்குள் அவருக்கு ஒரு துள்ளல். பழைய ரகக் கைபேசிக் கார்ட், அதில் இருப்பது அவர் திருத்திய அதே கோப்பு முறைதான்.

இந்தத் தொழிலில் முதல் விதி ஒன்று உண்டு. மூலத்தில் கை வைக்காதே. முதலில் முழுக் கார்டையும் அப்படியே ஒரு கொப்பி எடு, கொப்பியில் வேலை செய். பத்தொன்பது வருடத்தில் அவர் அதை மீறினதில்லை. ஆனால் கொப்பி எடுக்க மூன்று மணித்தியாலம் போகும். மணி அப்போது மூன்றரை.

"வச்சிட்டுப் போங்க, அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க" என்றார்.

"நாலரைக்குப் பஸ்ஸுங்க. அதுக்குள்ள ஒரு தரம் மட்டும் காட்டுறீங்களா? ஒண்ணே ஒண்ணு. பாத்துட்டுப் போயிருவேன்."

எவனோ எழுதிய வரி ஓடுகிற இயந்திரமாக இருந்திருந்தால் ஜுனைதீன் முடியாது என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் ஓடுவது தன்னுடைய வரி. எல்லை பார்க்கிற காவல்காரனை நிறுத்தியது தான். தன் வீட்டுக்குள் போக யாரும் கதவைத் தட்டுவார்களா? கார்டைச் சொருகினார்.

ஒரு கைபேசி திடீரென்று செத்தால், எழுதி முடிக்காத வேலைகள் ஒரு குறிப்பாகக் கார்டிலேயே கிடக்கும். கார்டை அடுத்த தடவை சொருகும்போது கேர்னல் முதல் வேலையாக அந்தக் குறிப்பை வாசித்து, விட்ட இடத்திலிருந்து எழுதி முடிக்கும். இந்தக் கார்டிலும் அப்படி எழுதியது. திரையில் கோப்புகளின் பட்டியல் வந்தது, நூற்றுப் பன்னிரண்டு.

"இருக்கு தங்கச்சி! நூத்திப் பன்னெண்டு! எல்லாம் இருக்கு!"

கமலாட்சி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். ஜுனைதீன் முதல் படத்தைத் திறந்தார். சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம். இரண்டாவதைத் திறந்தார். சாம்பல். பத்தாவது, ஐம்பதாவது, கடைசி. எல்லாமே சாம்பல்.

"ஏங்க, எங்க?" என்றாள் கமலாட்சி, திரையைத் தொடுகிற தூரத்தில் குனிந்து.

"கார்ட் நனஞ்சு போய்க் கிடக்கு. நேரம் எடுக்கும். வச்சிட்டுப் போங்க."

அவள் அதை நம்பிக்கொண்டு நாலரைப் பஸ்ஸுக்குப் போனாள்.

மறுநாள் விடிகாலை சுபஹு தொழுகை முடிந்த கையோடு ஜுனைதீன் கடையைத் திறந்தார். அப்போதுதான் கொப்பி எடுத்தார். அதில் பட்டியலையும் போன் விட்டுப் போன குறிப்பையும் தவிர எல்லா இடமும் சைபர். அழிந்த படம் என்றால் துண்டு துணுக்காவது கிடக்கும். துணுக்குகளைப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் அவர் பிழைப்பு. இதில் பொறுக்க ஒன்றும் இல்லை. குப்பையைக் கூட்டிக் கழுவிவிட்ட தரை மாதிரி இருந்தது.

முதலில் மழையைத் திட்டினார். பிறகு கார்ட் செய்த கம்பனியை. மூன்றாம் நாள் தன் மேசையிலேயே அதே மாதிரி ஒரு கார்டைத் தயாரித்து, அதே மாதிரிக் குறிப்பை எழுதி, சொருகிப் பார்த்தார். பட்டியல் வந்தது. படங்கள் சாம்பல். இன்னொரு கார்டைத் தயாரித்து, மூன்று வருடம் பழைய கேர்னலில், அதாவது அவர் திருத்துவதற்கு முந்தியதில், சொருகினார். அது ஒரு பிழைச் செய்தியைக் காட்டியது. எல்லை மீறல், நிறுத்திவிட்டேன் என்றது. கார்டில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, லுஹர் என்கிற பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை அவர் தன் வரியை எழுத்து எழுத்தாக வாசித்தார்.

பிழை இதுதான். இயந்திரம் சைபரிலிருந்து எண்ணும். பன்னிரண்டு இடம் இருந்தால் கடைசி இடத்தின் எண் பதினொன்று. பன்னிரண்டு என்ற எண்ணே எல்லைக்கு வெளியே. எண் எல்லையைவிடப் பெரிதானால் நிறுத்து என்று ஜுனைதீன் எழுதியிருந்தார். பெரிதானாலும் சமமானாலும் நிறுத்து என்று எழுதியிருக்க வேண்டும். பழைய வரியில் இருந்த கூட்டல் அந்தச் சமத்தையும் பிடித்திருந்தது. கூட்டலைத் தூக்கியபோது இவர் அதையும் சேர்த்துத் தூக்கிவிட்டார். வெகு தூரத்திலிருந்து வருகிற கள்ளனைப் பிடிக்க நூறு சோதனை வைத்தவர், வேலியோடு ஒட்டி நிற்கிறவனுக்கு ஒரு சோதனையும் வைக்கவில்லை.

சர்மிளாவின் போன் செத்த நேரத்தில் அந்தக் குறிப்பில் விழுந்திருந்த பிழையான எண், சரியாக எல்லைக்குச் சமம். கேர்னல் ஓரிடம் தள்ளி எழுதியது. தள்ளி இருந்தது, எந்தப் படம் எங்கே கிடக்கிறது என்று சொல்கிற வரைபடம். அது அழிந்ததும், இங்கே ஒன்றும் இல்லை போல, எல்லாம் வெற்றிடம் என்று கேர்னல் நினைத்தது. வெற்றிடத்தைத் துப்புரவாக்கு என்று கார்டுக்குச் சொன்னது. சொன்ன சொல் கேட்கிற கார்ட். துப்புரவாக்கிவிட்டது.

மண் விட்டு வைத்திருந்ததை இவர் வரி ஒரு நொடியில் முடித்தது.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி ஹமீமா பார்த்தாள்.

"மனுசன் எண்டா பிழை விடுறதுதானே. அல்லா மன்னிப்பான்."

"அல்லாட்ட நான் இன்னும் கேக்கல்ல. அந்தப் பொம்பளைக்கிட்ட எப்புடிச் செல்லுற?"

"செல்லத்தான் வேணுமா? கார்ட் கெட்டுப் போச்சு எண்டு குடுங்களேன். அவ என்னத்தக் கண்டா?"

அந்த யோசனை ஜுனைதீனுக்கு ஏற்கெனவே மூன்று தடவை வந்து போயிருந்தது.

திருத்துவதற்கு ஒரு குறி போதும். பெரிது என்பதற்குப் பக்கத்தில் சமம். தட்ட ஒரு நொடி. ஆனால் கேர்னல்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பழைய திருத்தம் ஒன்றால் வந்த பிழையைத் திருத்தினால், எந்தத் திருத்தம், யார் செய்தது என்று திருத்தத்தோடு அனுப்புகிற கடிதத்தின் அடியில் குறிப்பிட வேண்டும். அதற்குக் கீழே, இந்தப் பிழையை வெளிக்கொண்டு வந்தது யார் என்று அவர் பேரை நன்றியோடு போட வேண்டும். அதுவும் அவரைக் கேட்டுத்தான் போடலாம். முதல் வரியில் ஜுனைதீன் தன் பேரையே எழுதினார். இரண்டாவது வரியில் என்ன எழுதுவது என்று கை நின்றது. அந்த வரிக்குத்தான் அவர் எல்கடுவைப் பஸ் ஏறினார் என்று சொன்னால் பாதி உண்மை. மற்றப் பாதி, பொய்யை மேலும் ஒரு வாரம் சுமக்க அவருக்கு ஏலவில்லை.

வீடிழந்தவர்களைத் தோட்டத்தின் பழைய தேயிலை ஸ்டோரில் வைத்திருந்தார்கள். உள்ளே நீலத் தறப்பாளால் மறித்து மறித்துக் குடும்பங்கள். கமலாட்சியின் புருசன் மாரிமுத்து வாசலில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். வாட்டசாட்டமான ஆள், ஆனால் தோள் இரண்டும் முன்னுக்கு விழுந்திருந்தது.

"படம் வந்திருச்சா நானா?" கமலாட்சி தறப்பாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள், படத்தை வாங்குவதற்கு.

"வரல்ல தங்கச்சி. இனி வராது."

அவர் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார். கார்ட் நனைந்து கெடவில்லை, தான் சொருகியதால் அழிந்தது, கொப்பி எடுக்காமல் சொருகியது தவறு, இரண்டு வருடத்துக்கு முன் தான் எழுதிய வரியில் பிழை, அன்று சொன்னது பொய். கமலாட்சிக்கு அதில் பாதி போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாரிமுத்து பிடியைக் கீழே வைத்தான்.

"எனக்கு வெளங்குற மாதிரி சொல்றேன், சரியானு பாருங்க. லயத்துல வரிசையாப் பன்னெண்டு காம்பரா, பன்னெண்டு வீடு. பதிமூணாவது காம்பராவுக்குனு ஒருத்தன் சாமான் கொண்டாந்தா, அப்புடி ஒரு காம்பரா இல்லடானு திருப்பி அனுப்பணும். அனுப்பலனா அவன் பக்கத்து லயத்துக் கதவ ஒடச்சு உள்ள போட்டுட்டுப் போயிருவான்."

"சரி."

"திருப்பி அனுப்புற ஆளு நீங்க."

"நான்தான்."

"நல்ல ஆள வச்சிருக்காங்க" என்றான் மாரிமுத்து. குரலை உயர்த்தவில்லை. "மலைய நான் என்னா பண்ண? ஏசவும் ஏலாது. ரெண்டு மாசமா யார ஏசுறதுனு தெரியாம இருந்தேன். நீங்க நடந்து வந்து நிக்கிறீங்க. இப்பவும் ஏச வரமாட்டேங்குது."

ஜுனைதீன் நின்றார். வேறு என்ன செய்ய? பிறகு, கேட்கக் கூடாத நேரத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டார். பிழையைத் திருத்தி அனுப்பப் போவதையும், உலகம் முழுக்க அது போகும் என்பதையும், இனி ஒருத்தருக்கும் இப்படி நடக்காது என்பதையும் சொல்லி, அந்தக் கடிதத்தில் பிழையைக் காட்டித் தந்தவர் என்று கமலாட்சியின் பேரைப் போடலாமா என்றார்.

கமலாட்சி அப்போதுதான் வாய் திறந்தாள்.

"எம் பேரு என்னாத்துக்குங்க? நான் ஒங்ககிட்டப் பிழை சொல்லவா வந்தேன்? புள்ளயப் பாக்க வந்தேன்."

"வேணாம் எண்டா போடமாட்டன் தங்கச்சி."

"மத்தவங்க புள்ளைங்க எல்லாம் நல்லா இருக்கட்டும். கார்டக் குடுங்க."

அவர் கொடுத்தார். அவள் அதை விளக்கில் பார்ப்பது போலத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள், அன்று கடையில் அவர் பார்த்த மாதிரியே.

"ஒங்களுக்குத்தான் ஏலாம போச்சு" என்றாள். "வேற யாருக்காச்சும் ஏலும்."

"இல்ல தங்கச்சி. யாருக்கும் ஏலாது. அதுல ஒண்டும் இல்ல. வெறும் கார்ட்."

"பேரெல்லாம் வந்துச்சே? நான் பாத்தேனே. நூத்திப் பன்னெண்டுனு நீங்கதானே எண்ணிச் சொன்னீங்க?"

"பேர் மட்டும்தான்."

"பேர் இருந்தா ஆளு இருக்கும்" என்றாள் கமலாட்சி. கார்டைப் பொலித்தீனில் சுற்றி முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள். தறப்பாள் விழுந்தது.

மாரிமுத்து பஸ் வரை கூட வந்தான். பஸ்ஸைக் கண்டதும், "அவகிட்ட இருக்குறது அது ஒண்ணுதான், எடுத்துக்கிட்டுப் போயிருங்கனும் சொல்ல மனசில்ல, வச்சிருக்கட்டும்னும் சொல்ல மனசில்ல" என்றான். அவ்வளவுதான்.

இரண்டாவது வரி இல்லாமலே ஜுனைதீன் கடிதத்தை அனுப்பினார். எங்கோ குளிர் நாட்டில் இருக்கிற, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ஒருவர், யார் கண்டுபிடித்தது, எப்படித் தெரிய வந்தது என்று கேட்டு எழுதினார். என் கடையில் ஒருவருடைய கார்ட் அழிந்தது, அவர் பேர் சொல்ல விரும்பவில்லை என்று ஜுனைதீன் பதில் போட்டார். வருந்துகிறேன், நல்ல திருத்தம், சேர்த்துக்கொண்டேன், நன்றி என்று பதில் வந்தது. பழைய கேர்னல்களுக்கும் அதைப் போட்டார்கள். இரண்டு வாரத்தில் ரிஸ்வியின் போனுக்கே வந்துவிட்டது.

"நானா, ஒங்கட பேர் ரெண்டாந் தரமும் ஏறிட்டாமே!" என்று ரிஸ்வி கீழிருந்து கத்தினான். "இந்தத் தரம் வட்டிலாப்பம் இல்லையா?"

மேலிருந்து சத்தம் வராததால் அவன் படியேறி வந்து பார்த்தான். ஜுனைதீன் மேசையில் கிடந்த கார்டுகளையும் டிஸ்க்குகளையும் ஒவ்வொன்றாகக் கடதாசியில் சுற்றி, ஆளின் பேர் எழுதிக்கொண்டிருந்தார். திருப்பிக் கொடுப்பதற்கு. ரிஸ்வி வந்த வழியே இறங்கிப் போனான். அன்றைக்குப் பிறகு நாசா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான். அவன் விட்டதுதான் ஜுனைதீனுக்கு இன்னும் வலித்தது.

மாசி பிறந்ததும் முதல் போன் வந்தது. உக்குவளையில் கைபேசி திருத்துகிற ஒரு பையன்.

"ஜுனைதீன் நானாவா? இங்க தோட்டத்து அம்மா ஒராள் ஒரு கார்ட் கொண்டு வந்து ஈக்கிறாங்க. நீங்க பாத்ததாம். உள்ளுக்கு ஏதும் ஈக்கா?"

"இல்ல. ஒண்டும் இல்ல."

"அப்ப என்ன செல்ல?"

"அதையே செல்லுங்க."

பத்து நாள் கழித்துக் கண்டியிலிருந்து ஒரு போன். அங்கே பெரிய கடை, குளிரூட்டிய அறை, படித்த ஆட்கள். அவர்களும் அதையே கேட்டார்கள். இவரும் அதையே சொன்னார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும், அந்தப் படத்தை அந்த நேரத்தில்தான் அழிக்கிற மாதிரி அவருக்கு இருந்தது. பங்குனியில் தம்புள்ளையிலிருந்து ஒருவன் போன் பண்ணினான். பின்னால் மரக்கறி லொறிகளின் ஹோன் சத்தம்.

"நானா, ஒங்கட நம்பர இந்த அம்மாதான் தந்தாங்க. எந்தக் கடைக்குப் போனாலும் ஒங்ககிட்டக் கேளுங்கனு சொல்றாங்களாம். நீங்கதான் கார்டுக்குள்ள கடைசியாப் போன ஆளாம்."

"ஓம்."

"ஏதாச்சும் வழி இருக்கா?"

ஜுனைதீனின் மேசை காலியாக இருந்தது. ஒரு மாதத்துக்கு மேலாகப் புதிதாக ஒரு கார்டும் அவர் வாங்கவில்லை.

"தம்பி, அவங்க நிக்கிறாங்களா, இருக்கிறாங்களா?"

"நிக்கிறாங்க."

"முதல்ல ஒரு கதிரையைப் போட்டு இருக்கச் செல்லுங்க. பொறகு ஒண்டும் இல்ல எண்டு செல்லுங்க."

கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. போனை அவன் மேசையில் வைத்திருக்க வேண்டும், துண்டிக்கவில்லை. அவன் மெதுவாகச் சொல்வது கேட்டது.

"அப்ப சரி தம்பி" என்றது கமலாட்சியின் குரல். அதில் அழுகை இல்லை. "குருநாகல் பஸ் எங்க நிக்கும்?"